எந்தக் கால் என்று தெரிந்த மூவர்

என் கணவன் ஓரெஸ்ட் ஐஸ் ஹாக்கிக்காரன். பெரிய லீக்கில் அவன் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் பூஜ்யம். யாராவது கேட்டால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். அவனிடம் விட்டால் தொண்டையைக் கனைத்து, கூரையைப் பார்த்து, "பக்கத்துல போனேன்" என்பான். பக்கத்தில் போனவனுக்கெல்லாம் எந்தப் புத்தகத்திலும் பெயர் போடமாட்டார்கள். ஒரே ஒரு ஆட்டம், ஒரே ஒரு நிமிஷம் அந்தப் பனியில் நின்றிருந்தால் போதும், செத்த பிறகும் பெயர் இருக்கும். அந்த ஒரு நிமிஷம் அவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

சஸ்காச்சுவான் மாகாணத்தில் கோதுமை வயலுக்கு நடுவே பிறந்தவன். மாடு தண்ணீர் குடிக்கும் குட்டை உறைந்ததும் அண்ணன்மார் நான்கு பேரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு கோல் அடிக்கப் போவார்கள். அடிக்க எல்லோருக்கும் ஆசை, மறிக்க ஆள் வேண்டாமா? கடைக்குட்டியை நிறுத்தினார்கள். அப்படித்தான் என் வீட்டுக்காரன் தடுப்பாட்டக்காரன் ஆனான். பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவன், நாலைந்து ஊர் மாறி, இருபத்திரண்டில் எங்கள் டன்மோர் ஃபால்ஸுக்கு வந்து சேர்ந்தான். காகித ஆலையின் அழுகிய முட்டை நாற்றத்தில் முதல் நாள் வாந்தி எடுத்தான். ஆலைக் கிளினிக்கில் நர்ஸாக இருந்த நான்தான் வாளி பிடித்தேன். எங்கள் காதல் கதை அவ்வளவுதான்.

எங்கள் ஊர் அணி பெரிய லீக் அணி ஒன்றின் கீழே இருந்தது. நாங்கள் வளர்த்துக் கொடுப்போம், அவர்கள் பறித்துக்கொண்டு போவார்கள். ஓரெஸ்டை மட்டும் யாரும் பறிக்கவில்லை. கோல் அடிப்பவன்தான் எல்லோர் கண்ணிலும் படுவான். இவன் வேலை, பறந்து வரும் 'பக்' என்கிற ரப்பர் வட்டுக்கு முன்னால் போய் விழுவது. ஊரில் அவனுக்குப் பெயரே 'கதவு'. "கதவைச் சாத்து!" என்று அரங்கமே கத்தும். ஒன்பது வருஷம் சாத்தினான். முன்பல் ஏழும் ஒரு காது நுனியும் போயின. மூக்கு மூன்று தடவை உடைந்தது. மூன்றாம் தடவை உடைந்ததில் கொஞ்சம் நேரானது.

ஐந்தாவது வருஷம் அவனுக்கு ஜோடியாகக் கியூபெக்கிலிருந்து ஒரு பையனை அனுப்பினார்கள். கயெத்தான், இருபது வயது. இங்கிலீஷில் 'யெஸ்', 'நோ', 'பீர்' மூன்று சொல் தெரியும். அவனை எங்கள் மாடி அறையில் தங்கவைத்தோம். முதல் சனிக்கிழமை என் அப்பா கட்டிய சவுனாவில், அந்தச் சூட்டு ஆவி அறையில், உட்கார வைத்தால், கொலை கொலை என்று அவன் பாஷையில் கத்திக்கொண்டு அம்மணமாகத் தெருவுக்கு ஓடினான். பாதிரியார் வீட்டு அம்மாள் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் ஊரில் அவனைத் தெரியாதவர் இல்லை.

நல்லவனாகத்தான் இருந்தான். பொய் சொல்ல மாட்டேன். என்னை 'சிஸ்டர்' என்பான். ஓரெஸ்டை 'கிழவா' என்பான். என் ஏலக்காய் ரொட்டியை ஒரே மூச்சில் முழுசாகத் தின்பான். எங்கள் மகள் தார்யா பிறந்தபோது அவன்தான் ஞானத்தந்தை. சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பா, மிளகு டப்பாவை வைத்து ஓரெஸ்ட் அவனுக்குப் பாடம் எடுப்பான்.

"ஏன்டா முன்னால ஓடுற? நீ போய்ட்டா பின்னால யாரு, உங்க பாட்டனா நிப்பான்?"

"நீ நிப்ப, கிழவா. உன்னால ஓடத்தான் முடியாதே!"

"வாய் மட்டும் பெரிய லீக்."

ஐந்து வருஷம் இப்படித்தான். ஒருவன் முன்னால் போனால் மற்றவன் பின்னால் நிற்பான். தூங்கும்போதுகூட ஒரே மாதிரி குறட்டை விடுகிறார்கள் என்று நான் திட்டுவேன்.

எழுபத்தைந்தாம் வருஷம் மார்ச்சில் பெரிய அணியிலிருந்து ஒரு ஆள் வந்தார். மேலே இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு ஒரே வாரத்தில் அடிபட்டிருந்தது. "இந்தத் தொடர் முடிஞ்சதும் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போறோம். முதல்ல கதவு. காலெல்லாம் நல்லா இருக்குல்ல?" என்று ஓரெஸ்டின் தோளில் தட்டினார். முப்பத்தொரு வயசில் அவன் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தான். என்ன என்றேன். சொன்னான். சொல்லும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டான், பல் இல்லாத சிரிப்பு எனக்குத் தெரியாததுபோல.

தொடர் ஃபோர்ட் ஹேலி அணியோடு. ஏழில் நான்கு வென்றவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு பக் அவன் இடது கணுக்காலில் வந்து இறங்கியது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு நானே எக்ஸ்ரே எடுத்தேன். படத்தில் பெயர் எழுதவில்லை. மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது.

மற்ற ஊரில் என்ன செய்வார்களோ, எங்கள் ஆட்களுக்கு இந்தத் தொடர் வந்துவிட்டால் நோய்நொடி கிடையாது. உடைந்த இடம் எதிரிக்குத் தெரிந்தால் நடுவர் பார்க்காத நேரமாகப் பார்த்து அங்கேயே மட்டை விழும். அதில் யாருக்கும் மனவருத்தமும் இல்லை, தெரிந்தால் நாங்களும் அடிப்போம். அதனால் நல்ல காலில் கட்டுப் போடுவார்கள். நான் வலது காலில் வெள்ளை டேப்பை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரிச் சுற்றினேன். இடது காலில் தோல் நிறத்தில் இறுக்கமாக ஒரு கட்டு, அதன் மேல் காலுறை. ஆட்டத்துக்கு முன் பனியில் சுற்றி வரும்போது வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்துப் போகச் சொன்னேன்.

"நடிக்கவெல்லாம் எனக்கு வராது, ஐலி."

"பக் பட்டா செத்தவன் மாதிரி விழுவியே, அது மட்டும் எப்படி வருதாம்?"

கயெத்தான் மேஜையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே சிரித்தான். பயிற்சியாளருக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார், மேலிடத்து ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்தக் கால் என்று தெரிந்தவர்கள் அந்தச் சமையலறையில் இருந்த மூன்று பேர்தான்.

மூன்றாவது ஆட்டத்தில் ஃபோர்ட் ஹேலிக்காரர்கள் வலது காலை அடி அடியென்று அடித்தார்கள். ஓரெஸ்ட் அழகாக முகத்தைச் சுளித்தான். நாங்கள் வென்றோம். நான் மனைவிகள் வரிசையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தேன்.

நான்காவது ஆட்டத்தில் முதல் அடியே இடது காலில் விழுந்தது. இரண்டாவது அடியும் அங்கேதான், மூன்றாவதும் அங்கேதான். லைல் மெக்காஸ்கில் என்று ஒரு செம்பட்டைத் தலைக்காரன், முன்வரிசை ஆட்டக்காரன், பக் எங்கே இருந்தாலும் ஓரெஸ்டின் இடது கணுக்காலைத் தேடி வந்தான். வெள்ளைக் கட்டை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், எதிரே யாருமே இல்லாதபோது, ஓரெஸ்டின் கால் தானாக மடங்கியது. நாங்கள் தொடரை நாலுக்கு ரெண்டு என்று தோற்றோம்.

தொடர் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையாக நின்று கை கொடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் ஒருவன் பல்லை ஒருவன் பெயர்த்தவர்கள், அந்த வரிசையில் மட்டும் பொய் சொல்லமாட்டார்கள். அங்கே பேசியதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். வரிசைக்கு வராதவன் மனிதனே இல்லை. ஓரெஸ்ட் மட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். மேலே இருந்து பார்த்தேன். மெக்காஸ்கில் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னான். ஓரெஸ்ட் ஒரு தடவை தலையைத் திருப்பிப் பின்னால் வந்த கயெத்தானைப் பார்த்தான். பிறகு அடுத்தவனுக்குக் கை கொடுத்தான். ஆட்டம் நன்றாக இருந்தது என்று மெக்காஸ்கில் ஏதாவது சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மேலிருந்து அழைப்பு வந்தது, கயெத்தானுக்கு. காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து ஓரெஸ்ட் அவனுக்கு மட்டைகளை எண்ணிக் கட்டிக் கொடுத்தான். நான் வழிக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். சூடாக இருக்கிறது, மெதுவாகத் தின்னு என்று வேறு சொன்னேன்.

எந்தக் கால் என்று எதிரணிக்கு யார் சொன்னது என்று அந்த வாரமே பேச்சு கிளம்பிவிட்டது. பயிற்சியாளரின் மனைவி ஃபெர்ன், கடையில் எல்லோர் முன்னாலும் என் கையைத் தடவிக் கொடுத்தாள்.

"விடும்மா ஐலி. கிளினிக்குனா நாலு பேர் வருவாங்க, போவாங்க. வாய் தவறி எதாச்சும் வந்திருக்கும். வேணும்னா செஞ்ச?"

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, மூன்று டாலருக்கு வெங்காயம் வாங்கிக்கொண்டு போனாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று ஊரே என்னைப் பார்த்தது. பார்த்தால் என்ன, நான் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியவில்லை, அதுதான் கொடுமை. கிளினிக்கைக் கூட்டுகிற கிழவர் அந்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்திருப்பாரோ? தொலைபேசியில் என் தங்கையிடம் உளறினேனா? யோசித்து யோசித்து, சொல்லாததையெல்லாம் சொன்னதாகவே எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஒருநாள் துணி மடிக்கும்போது உடைந்துபோய் ஓரெஸ்டிடமே கேட்டேன்.

"என்னாலயா? உள்ளதைச் சொல்லு. உன் ஒரு ஆட்டம் என்னாலதான் போச்சா?"

"போகட்டும் விடு, ஐலி."

போகட்டும் விடு! மன்னித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு நன்றியாக எட்டு வருஷம் அவனை எதிர்த்துப் பேசாமல் இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

கால் கோணலாகத்தான் கூடியது. கதவு இன்னும் இரண்டு வருஷம் கிறீச்சிட்டுக்கொண்டு ஆடியது. அப்புறம் ஆலையில் காகித உருளைகளை லாரியில் ஏற்றும் பிரிவில் வேலை. கயெத்தான் மேலேயே தங்கிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஆட்டம் டிவியில் வரும். ஓரெஸ்ட் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலுமாக முன்னால் உட்காருவான். ஞாயிறு மூன்று மணிக்கு கயெத்தான் போன் பண்ணுவான், இவன் காகிதத்தைப் பார்த்துச் சொல்லுவான். அவனுக்குக் குழந்தை பிறந்தபோது நான் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினேன். இரண்டு ஸ்வெட்டர், ஒன்றில் மான் போட்டு.

எண்பத்து மூன்று நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை, இயந்திர உதிரிபாகம் விற்க ஆலைக்கு வந்த ஒரு ஆள் விரலை வெட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான். செம்பட்டை முடியில் பாதி கொட்டிப்போயிருந்தது. என் சட்டையில் குத்தியிருந்த குடும்பப் பெயரைப் படித்தான்.

"ஹ்னாட்யூக்கா? கதவோட வீட்டுக்காரம்மாவா நீங்க? நான் லைல் மெக்காஸ்கில்."

"கையை ஆட்டாதீங்க" என்றேன். தையல் ஊசி என் கையில் இருந்தது அவனுக்கு நினைவில்லை போலும்.

"கால் எப்படிங்க இருக்கு? எனக்கு இன்னும் மனசு உறுத்துதுங்க. அன்னைக்கு வரிசையிலேயே மன்னிப்புக் கேட்டுட்டேன். 'உன் ஜோடிதான்யா எடதுன்னு சொன்னான், நான் என்ன பண்ணட்டும்'னு சொன்னேன். நானும் கயெத்தானும் சின்னதுல ஒரே அணி, தெரியும்ல. மூணாவது ஆட்டம் முடிஞ்சு அவனே தேடி வந்து சொன்னான்."

எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் அவன் பேசினான். பாவம், இரண்டு தையல் போடவேண்டிய விரலுக்கு நான் ஐந்து போட்டேன்.

வீட்டுக்குப் போனேன். ஓரெஸ்ட் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான்.

"லைல் மெக்காஸ்கில் இன்னைக்குக் கிளினிக் வந்தான்."

கத்தி நின்றது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஊரெல்லாம் என் வாய்தான்னு சொல்லிச்சே! நானே நம்பிட்டேனே! அழுதுகிட்டு வந்து கேட்டேன். அப்பவும் தெரியுமா?"

"தெரியும், ஐலி."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"வரிசையில சொன்னதை வெளிய சொல்றதில்ல."

"நான் வெளியாளா? வாளி பிடிச்சப்ப வெளியாளா? காலைக் கட்டிவிட்டப்ப வெளியாளா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணினவன் உனக்கு உள்ளாள், நான் வெளியாள்!"

சீவின கிழங்கைத் தண்ணீரில் போட்டான். பிறகு, "சொல்லியிருந்தா நீ அவனை விட்டிருக்க மாட்ட" என்றான்.

"விட்டிருக்க மாட்டேன்தான்!"

"போன் வந்திருக்காது." கத்தியைக் கீழே வைத்தான். "அவன் அங்க வைக்கிற ஒவ்வொரு அடியும் நான் சொல்லித்தான் வைக்கிறான். சனிக்கிழமை டிவில பாக்குறப்ப, அதுல கொஞ்சம் நானும் ஆடுறேன். எனக்கு வேற என்ன இருக்கு அங்க?"

ஒரு நொடி எனக்கு இரக்கம் வந்தது. ஒரே நொடிதான். அவன் அங்கே கொஞ்சம் ஆடுவதற்காக நான் இங்கே எட்டு வருஷம் குற்றவாளியாக இருந்திருக்கிறேன். கயெத்தான் செய்தது ஒரு நாள் துரோகம். இவன் செய்தது தினமும், என் பக்கத்தில் படுத்துக்கொண்டு.

ஞாயிறு மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஓரெஸ்ட் எழுவதற்குள் நான் எடுத்துவிட்டேன்.

"சிஸ்டர்! இன்னைக்கு ரொட்டி சுட்டீங்களா? வாசனை இங்க வரைக்கும் வருது."

"கயெத்தான், மூணாவது ஆட்டம் முடிஞ்சு லைல்கிட்ட என்ன சொன்ன?"

அந்தப் பக்கம் அவன் குழந்தைகளை வெளியே போய் விளையாடச் சொல்வது கேட்டது. பிறகு மெதுவாகப் பேசினான்.

"சிஸ்டர், அவருக்கு அப்பவே முப்பத்தொண்ணு. மேல போனா பத்து ஆட்டமோ என்னமோ ஆடியிருப்பாரு. எனக்கு இருபத்தஞ்சு. அடுத்த தடவை எப்ப வரும்னு…"

"ஊர்ல எல்லாரும் என்னைச் சொன்னாங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

ஓரெஸ்ட் சொன்ன அதே 'தெரியும்'. ஜோடி பிரியவே இல்லை.

"இனிமே இந்த வீட்டுக்குப் போன் பண்ணாத" என்று வைத்துவிட்டேன். ஓரெஸ்ட் பாதி எழுந்த நிலையில் இருந்தான். மெல்ல உட்கார்ந்தான். என்னைத் திட்டவில்லை. அந்த வாரம் ஃபெர்ன் வீட்டு வாசலில் நின்று நான் போட்ட சத்தத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை வழக்கம்போல் டிவி முன்னால் காகிதத்தோடு உட்கார்ந்தான். ஞாயிறு மூன்று மணிக்கு முன்பே போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். நான் மாவு பிசைவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். செய்தது சரிதான், இன்றைக்கும் அதையே செய்வேன். ஆனாலும் மூன்றே கால் ஆனதும், அந்தப் பாவி ஒரு தடவை போன் அடித்துத் தொலைக்க மாட்டானா என்று இருந்தது. அடிக்கவில்லை.

மூன்றரைக்கு ஓரெஸ்ட் எழுந்து வந்தான். மேஜையில் எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காரு" என்றான்.

கையில் மாவோடு உட்கார்ந்தேன். காகிதத்தைப் பிரித்து வைத்து, உப்பு டப்பாவை என் பக்கமும் மிளகு டப்பாவை அவன் பக்கமும் நகர்த்தினான்.

"பதினேழாம் நம்பர்காரன் இருக்கான்ல, அவன் ஓரமா வர்ற மாதிரி வருவான். வரமாட்டான். உள்ளதான் வெட்டுவான். நீ பக்கைப் பாத்தா போச்சு. நெஞ்சைப் பாரு. நெஞ்சு எங்க திரும்புதோ அங்கதான் ஆள் போவான். நீ அவசரப்பட்டு முன்னால போகாத. நில்லு. அவனை வரவிடு. புரியுதாடா?"

'டா' என்றதை அவன் கவனிக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கயெத்தானோடு பேசிக்கொண்டிருக்கிறான். உப்பு டப்பாவை எடுத்துச் சுவரில் வீசக் கை துடித்தது. அவன் பென்சிலை அடுத்த வரியில் வைத்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

"புரியுது. மேல சொல்லு" என்றேன்.